நினைவாற்றல்: அவதானம் முதல் அறளை பெயர்தல் வரை

கற்றதையும் பட்டதையும் மூளை பதித்து, காத்து, வேண்டியபோது மீட்டுத் தரும் திறன் நினைவாற்றல். சொல் ஒன்றுதான், திறன் ஒன்றன்று. ஒரு தொலைபேசி எண்ணை எழுதி முடிக்கும்வரை மனத்தில் பிடித்திருப்பது ஒன்று. முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நாளை எண்ணிப் பார்ப்பது வேறொன்று. கோணேசர் கோயில் திருகோணமலையில் இருக்கிறது என்று அறிந்திருப்பது இன்னொன்று. பல வருடம் கழித்துத் துடுப்பைத் தொட்டாலும் தோணி வலிக்கக் கை மறவாதிருப்பது மற்றொன்று. இவற்றில் ஒன்று கெட்டாலும் மற்றது நிற்கும். ஒன்று ஓங்கினாலும் மற்றது கூடவே ஓங்குவதில்லை. இது தெளிவாவதற்கு ஆய்வுலகத்துக்கு நூறு ஆண்டுக்குக் கிட்டப் பிடித்தது. தெளிவுபடுத்தியவர்களில் இரு சாரார் முக்கியமானவர்கள்: அளவுமீறி நினைவில் வைத்தவர்கள், நினைவை இழந்தவர்கள்.

அவதானம்

தமிழ் மரபு நினைவுத்திறனின் உச்சியாகக் கொண்டாடியது அவதானக் கலையை. ஒரே இருப்பில் எட்டு விடயங்களில் கவனம் வைப்பவர் அட்டாவதானி. பத்தானால் தசாவதானி, பதினாறானால் சோடசாவதானி, நூறானால் சதாவதானி. அவையில் ஒருவர் அவதானியின் முதுகில் நெல்லோ கல்லோ எறிந்துகொண்டிருப்பார். ஒருவர் இடையிடையே மணி அடிப்பார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பாக் கேட்பார். இன்னொருவர் செய்யுளொன்றின் எழுத்துகளை வரிசை குலைத்து ஒவ்வொன்றாகத் தருவார். நடுவே பெருக்கல் கணக்கும் வரும், சதுரங்கமும் நடக்கும். விழுந்த கல் எத்தனை, ஒலித்த மணி எத்தனை என்பதிலிருந்து முடித்த வெண்பா வரை கடைசியில் அத்தனையையும் ஒப்பிக்க வேண்டும்.

ஈழத்தில் பிறந்து சென்னையில் புகழ்பெற்ற சதாவதானி புலோலி நா. கதிரைவேற்பிள்ளை. அகராதி தொகுத்தவர்; திரு.வி.க.வின் தமிழாசான். தமிழகத்துக் கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டையில் இந்த இருவரும் எதிரெதிர் அணி. நூறு விடயங்களை ஒருங்கே நினைவில் வைக்கத் தெரிந்தவர்கள் எதிராளியின் ஒரு சொல்லையாவது மறந்திருப்பார்களா என்ன!

இந்தத் திறன் பிறவிக் கொடையா, பயிற்சியா? சாதாரண மனிதர் ஒரு தடவையில் பிடித்திருக்கக்கூடியவை ஏழு, கூடவோ குறையவோ இரண்டு என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். அந்த எல்லையைக் கடக்க வழி, தனித்தனித் துண்டுகளைப் பொருளுள்ள பொதியாகக் கட்டுவது. தமிழ்ப் புலவருக்கு அந்தக் கயிறு யாப்பில் ஏற்கெனவே இருந்தது. எதுகை அடுத்த அடியின் தொடக்கத்தைக் காட்டிக்கொடுக்கும், தளை அடுத்த சீரின் முதல் அசையை. அவதானியின் வெற்றியில் பாதி யாப்புக்கு உரியது என்பேன்.

இந்தக் கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் விடை தேடப்பட்டது சென்னையில் பிறந்த இராஜன் மகாதேவனிடம். 1981 ஜூலை 5 அன்று மங்களூரில் அவர் பை என்னும் எண்ணின் 31,811 இலக்கங்களை நினைவிலிருந்து சொல்லி உலக சாதனை படைத்தார். பின்னர் அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர்கள் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1993இல் நூலாக்கினர். இலக்கங்களில் அவரை எட்டக்கூடியவர் அரிது. அதனால் அடிப்படை நினைவாற்றலே அவருக்குப் பிறவியில் பெரிது என்று அவர்கள் கருதினர். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் இதை ஏற்கவில்லை. இலக்கங்களை விலக்கிவிட்டு, பழக்கமில்லாத குறியீடுகளை இராஜன் முன் வைத்தார். முதலில் இராஜனால் பிடித்திருக்க முடிந்தது ஆறளவில்தான், எந்த மாணவரையும் போல. பிறகு ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஓர் இலக்கத்தைப் பொருத்திக்கொண்டார். எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. முடிவு 2004இல் வெளிவந்தது. ஆற்றல் இலக்கத்தில் இருந்தது, பொதுவான நினைவில் அல்ல.

அரிசியும் மறதியும்

பாவலர் அவையை வியக்க வைத்த அதே 1907இல், மலாயாவின் நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராக இருந்த லெனர்ட் பிரடன் பெரிபெரி நோய் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர் நோயில் வீழ்ந்தார்கள். புழுங்கலரிசி உண்ட தமிழர் தப்பினார்கள். கெட்ட வெள்ளை அரிசியில் நஞ்சு உண்டாகிறது என்று அவர் விளக்கியது தவறு, கவனித்தது சரி. நெல்லை அவிக்கும்போது தவிட்டோடு ஒட்டியிருக்கும் தயமின் என்ற பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுதாகப் போவதில்லை.

பெரிபெரிக்கும் நம் தீவுக்கும் பழைய தொடர்பு. 'முடியாது, முடியாது' என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்ததென்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்த பிரித்தானியர் அங்கே காவற்படை வைத்தனர். இலங்கையில் பணியாற்றிய அவர்களது படை வைத்தியர்கள், சிப்பாய்களின் கால்களை விழுத்தும் இந்த நோயைப் பற்றிக் காரணம் அறியாமலே எழுதிவைத்தார்கள். துறைமுகத்துக்குப் பின்னால், கந்தளாய்க் குளத்து நீரில் தம்பலகாமத்து வயல்கள் விளைந்துகொண்டிருந்தன. மருந்து அங்கே தவிட்டில் கிடந்தது.

அதே சத்துக் குறைவு மூளையைத் தாக்கினால் கால்களோடு நிற்பதில்லை. 1887இல் ரஷ்ய வைத்தியர் செர்கேய் கோர்சகோவ் விவரித்த நோயாளிகள் சரளமாகப் பேசினார்கள், நியாயம் பேசினார்கள். ஐந்து நிமிடத்துக்கு முன் வந்து போனவரை மட்டும் அறியார்கள். விடுபட்ட இடத்தைத் தாமே புனைந்து நிரப்பினார்கள். அது பொய்யல்ல, அவர்கள் உண்மையாகவே அப்படி நம்பினார்கள். நீண்டகாலக் குடியே இதற்குப் பெருங்காரணம்: குடிப்பவர் சரிவர உண்பதில்லை, உண்டதிலும் தயமினைக் குடல் ஒழுங்காக உறிஞ்சுவதில்லை. சாராயமானாலும் கசிப்பானாலும் கதை இதுதான். கண் அலைவது, நடை தள்ளாடுவது, மனம் குழம்புவது என்ற முதற்கட்டத்தில் தயமின் ஊசி பெரும்பாலும் காப்பாற்றிவிடும். அதைத் தவறவிட்டால் நினைவு முழுமையாகத் திரும்புவது அரிது.

கடற்குதிரை

மூளையின் இரு பக்கமும் பொட்டுக்கு உட்புறமாக வளைந்து கிடக்கும் ஹிப்போகாம்பஸ் கடற்குதிரையின் வடிவால் பெயர் பெற்றது. அதன் வேலை வெளிப்பட்டது ஒரு சத்திரசிகிச்சையின் பிழையால். 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட்டில் ஹென்றி மொலேசன் என்ற இளைஞரின் வலிப்பைத் தீர்க்க, இருபுறத்து ஹிப்போகாம்பஸின் பெரும் பகுதியை வில்லியம் ஸ்கோவில் அகற்றினார். வலிப்புக் குறைந்தது. புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் நிறுத்தும் திறன் அன்றோடு போயிற்று. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேறியது, ஆனால் முன்பு வரைந்ததாகவே ஹென்றிக்கு ஞாபகமில்லை. கைக்கு ஒரு நினைவு, வாழ்வுக்கு ஒரு நினைவு என்று அப்போதுதான் ஐயமறத் தெரிந்தது. 2008இல் அவர் இறக்கும்வரை ஆய்வாளர்கள் அவரிடம் வந்துகொண்டேயிருந்தார்கள். நெடுநாள் பழகிய மில்னரும் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதியவர்தான்.

மறக்க முடியாமை

ஹிப்போகாம்பஸின் முனையில் வாதுமைப் பருப்பளவில் அமிக்டலா இருக்கிறது. அச்சம் எழும்போது, இதை விடாதே என்று பதிவை ஆழமாக்குவது அது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா தினம். சுமாத்திராவில் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கடல் கிழக்குக் கரைக்குள் ஏறியது. திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியாவும் மூதூரும் கடுமையாக அடிபட்டன. கிண்ணியா ஆஸ்பத்திரியே அழிந்தது. அந்தக் காலையை இந்தக் கரையில் கண்டவர் எவரும் மறப்பதற்கில்லை. ஆனால் ஆழமான பதிவு பிழையற்ற பதிவாகிவிடாது. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் மாணவர்கள் எழுதித் தந்ததை உளவியலாளர் உல்ரிக் நைசர் சில ஆண்டு கழித்து அவர்கள் சொன்னதோடு ஒப்பிட்டார். பலருடைய கதை மாறியிருந்தது. அவர்களது உறுதி மட்டும் குறையவில்லை.

நினைவு கூப்பிடாமலே வந்து வதைக்கும்போது அது நோய். யுத்தத்தின் இடையே யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் எழுத்துகள் வழியே 'மனவடு' என்ற சொல் ஈழத்தில் பரவியது. சுனாமிக்கு மூன்று நான்கு வாரத்துக்குள் இலங்கையின் மூன்று கரையோரங்களில் 264 சிறுவர்களைச் சோதித்த ஒரு குழு, இடத்துக்கு இடம் 14 முதல் 39 விழுக்காட்டினரிடம் மனவடுவின் அறிகுறிகளைக் கண்டது. அடுத்து, வடகிழக்கு முகாமொன்றில் 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் ஆசிரிய ஆலோசகர்களே ஆறு அமர்வு சிகிச்சை கொடுத்தார்கள். ஒரு பாதியினர் நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னார்கள். மறு பாதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தில் இரு பக்கமும் பெரும்பாலோர் தேறினர். எது சிறந்தது என்று வாதிட்டவர்களுக்கு ஏமாற்றம், பிள்ளைகளுக்கு நன்மை.

அறளை பெயர்தல்

முதுமையில் புத்தி தடுமாறுவதை ஈழத்தார் அறளை பெயர்தல் என்பார்கள். அதன் பெருவாரியான காரணத்தை 1906இல் அலோய்ஸ் அல்சைமர் ஒரு பெண்ணின் மூளையில் கண்டு அறிவித்தார். நோய் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸ் பக்கமிருந்தே தொடங்குவதால் புதியது முதலில் போகும், பழையது கடைசிவரை நிற்கும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டதைச் சிறுவயதில் கண்ட ஒருவர், அதை விலாவாரியாகச் சொல்லிவிட்டு, இன்று காலை உண்டதை மறந்து மறுபடி சாப்பாடு கேட்கலாம்.

இலங்கையில் ராகமவில் 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வொன்று நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் அறளை பெயர்தலைக் கண்டது, 2003இல் வெளிவந்தது. பள்ளிக்கூடம் போகாத கிழவியிடம் திகதி கேட்டு, சொல்லாவிட்டால் நோயாளி என்று முத்திரை குத்தும் சோதனைகளுக்கு மாற்றுத் தேடியது சர்வதேச 10/66 ஆய்வுக்குழு. சென்னையும் வேலூரும் அதன் களங்கள். கல்வி குறைந்தவரைத் தண்டிக்காத கேள்விகளோடு வீட்டாரின் சாட்சியத்தையும் அது சேர்த்துக்கொண்டது.

மறதியெல்லாம் அல்சைமர் அல்ல. பி12 குறைவு, தைரொயிட் சுரப்பிக் கோளாறு, மனச்சோர்வு, தலையில் பட்ட அடியால் உள்ளே தேங்கிய இரத்தம், தூக்க மாத்திரை ஆகியவற்றால் வரும் தடுமாற்றம் மருந்துக்கோ சிகிச்சைக்கோ இணங்கக்கூடியது. ஆகவே வீட்டுப் பெரியவருக்கு அறளை பெயர்ந்துவிட்டதென்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு தடவை வைத்தியரிடம் காட்டுங்கள். போகும்போது அவர் விழுங்கும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.