படம் முன்னே, சொல் பின்னே: ஜப்பானியச் சிறார் நூல்கள் பெற்ற உலக அங்கீகாரத்தின் வரலாறு

முன்னுரை

சிறார் இலக்கியத்தின் நோபல் என்று பேசப்படும் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை 1980க்கும் 2018க்கும் இடையில் ஜப்பானியர் ஐவர் பெற்றிருக்கின்றனர். ஓவியர் சுவேகிச்சி அகாபா 1980இலும், ஓவியர் மிட்சுமாசா அன்னோ 1984இலும், கவிஞர் மிச்சியோ மாடோ 1994இலும், நாவலாசிரியர் நஹோகோ உவேஹாஷி 2014இலும், எய்கோ கடோனோ 2018இலும் பெற்றனர். இந்தப் பெயர்களைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு முரண் தெரிகிறது. ஆண்டர்சன் விருது எழுத்தாளர்களுக்கு 1956 முதல் வழங்கப்படுகிறது. ஓவியர்களுக்கான பிரிவு பத்தாண்டு கழித்து 1966இல்தான் தொடங்கியது. ஜப்பானுக்கோ ஓவியர் பரிசு முதலில் வந்தது, எழுத்தாளர் பரிசு பின்னால் வந்தது.

எழுத்தாளர்கள் ஓவியர்களைவிடக் குறைந்தவர்களாக இருந்ததால் இப்படி நேரவில்லை. படம் எல்லை தாண்ட மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை, சொல்லுக்கு வேண்டும். அந்த மொழிபெயர்ப்பையும், அதை நடுவர்களின் மேசைவரை கொண்டுசேர்க்கும் அமைப்புகளையும் ஜப்பான் கட்டியெழுப்ப எடுத்துக்கொண்ட காலமே இந்த இடைவெளி என்பது இக்கட்டுரையின் வாதம்.

உள்நாட்டில் இட்ட அடித்தளம்

ஜப்பானில் சிறுவர்க்கான தரமான இதழியல் போருக்கு முன்பே வேரூன்றியிருந்தது. 1918இல் மியேகிச்சி சுசுகி தொடங்கிய 'அகாய் தோரி' இதழ் தேர்ந்த எழுத்தாளர்களைச் சிறுவர்க்காக எழுதவைத்தது. 1922இல் தொடங்கிய 'கொதோமோ நோ குனி' ஓவியத்துக்கு முதலிடம் தந்தது. போர்க்காலத் தணிக்கையும் காகிதத் தட்டுப்பாடும் இந்த மரபை முறித்தன.

மீண்டும் தொடங்கியவர்களில் மோமோகோ இஷீ முதன்மையானவர். 1907இல் பிறந்து 2008வரை, நூறாண்டைக் கடந்து வாழ்ந்த இவர், 'வின்னி-த-பூ'வை 1940இலேயே ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர். 1950இல் இவானாமி பதிப்பகம் 'இவானாமி ஷோனென் புங்கோ' என்ற சிறார் நூல் வரிசையைத் தொடங்கியபோது அதன் பின்னணியில் பதிப்பாசிரியராக இருந்தார். 1954இல் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று சிறுவர் நூலகங்களைக் கண்டு திரும்பியவர், 1958இல் டோக்கியோவில் தம் வீட்டிலேயே 'கட்சுரா புங்கோ' என்ற சிறு நூலகத்தைத் திறந்தார். அங்கே எந்தப் புத்தகம் பிள்ளைகளைக் கட்டிப்போடுகிறது, எது சலிப்பூட்டுகிறது என்பதை நேரில் கண்டு பதிவு செய்தார். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய நூல் 1965இல் வந்தது. நாடெங்கும் வீட்டு நூலகங்கள் முளைக்க அது தூண்டுதலானது. இத்தகைய வீட்டு நூலகங்கள் சில இணைந்தே 1974இல் டோக்கியோ சிறுவர் நூலகம் உருவானது.

இன்னொரு திசையிலிருந்து வந்தவர் ததாஷி மாட்சுயி. ஃபுகுஇன்கான் ஷோதென் பதிப்பகத்தின் ஆசிரியரான இவர் 1956 ஏப்ரலில் 'கொதோமோ நோ தோமோ' என்ற மாத இதழைத் தொடங்கினார். துணுக்குகளும் தொடர்களும் நிறைந்த வழக்கமான சிறுவர் இதழாக இது இருக்கவில்லை. ஒவ்வோர் இதழும் ஒரே கதையைக் கொண்ட முழுப் படப்புத்தகமாக வெளிவந்தது. மாதம் ஒரு புதிய நூல் என்றால் மாதம் ஓர் ஓவியருக்கு வாய்ப்பு என்று பொருள். சிறுவர் நூலுக்குப் படம் வரைந்து பழகாத ஓவியர்களையும் மாட்சுயி தேடிப்பிடித்தார். பின்னாளில் உலகம் போற்றிய கலைஞர்கள் பலர் இந்த இதழ் வழியேதான் வாசகரை முதலில் சந்தித்தனர்.

ஓவியங்கள் கடல் கடந்த காலம்

போருக்குப் பின் ஐரோப்பாவிலும் சிறார் நூல்களுக்கான பன்னாட்டு அமைப்புகள் எழுந்தன. நாஜி ஜெர்மனியைவிட்டு வெளியேறி, போருக்குப் பின் திரும்பிவந்த யெல்லா லெப்மன் 1949இல் மியூனிக்கில் பன்னாட்டு இளையோர் நூலகத்தைத் திறந்தார். பகைமை கொண்ட நாடுகளின் பிள்ளைகள் ஒருவர் கதையை மற்றவர் வாசித்தால் இன்னொரு போர் எளிதில் மூளாது என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையிலிருந்தே 1953இல் சூரிக்கில் 'இப்பி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு இளையோர் நூல் வாரியம் பிறந்தது. ஆண்டர்சன் விருதை வழங்குவது இந்த வாரியமே. 1964இல் இத்தாலியின் போலோன்யாவில் சிறார் நூல் சந்தை தொடங்கியது. 1967இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா நகரில், நூலோவியங்களுக்கென்றே ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கண்காட்சி தொடங்கியது.

பிராட்டிஸ்லாவாவின் அந்த முதல் கண்காட்சியில் உயர் பரிசைப் பெற்றவர் யாசுவோ செகாவா. மூங்கில் குருத்தொன்று வானளாவ வளரும் கதைக்கு, பழைய ஜப்பானியச் சுருளோவிய மரபை நினைவூட்டும் வகையில் அவர் படம் வரைந்திருந்தார். மேற்கத்தியப் பாணியைப் பின்பற்றியதற்காக அல்ல, தம் மண்ணின் கோடுகளுக்காகவே ஜப்பானிய ஓவியர் ஒருவர் பாராட்டப்பட்டார் என்பது கவனிக்கத்தக்கது. 1973இல் போலோன்யாவில் சிஹிரோ இவாசாகியின் நீர்வண்ணப் படங்கள் பரிசு பெற்றன. 'டோட்டோ-சான்' நூலைத் தமிழில் வாசித்தவர்களுக்கு இவர் ஓவியம் புதிதல்ல. டெட்சுகோ குரோயனாகியின் அந்த நூலை அணிசெய்பவை இவாசாகியின் படங்களே. 1974இல் அவர் மறைந்த பின், 1977இல் டோக்கியோவில் அவர் பெயரில் படப்புத்தக ஓவியங்களுக்கென அருங்காட்சியகம் எழுந்தது.

1980இல் ஆண்டர்சன் விருதுபெற்ற அகாபாவின் வழி நீண்டது. 1910இல் பிறந்த அவர் இளமையில் மஞ்சூரியாவில் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தவர்; 1943இல் உள்மங்கோலியப் புல்வெளிகளைக் கண்டவர். அவருடைய முதல் படப்புத்தகம் 'கொதோமோ நோ தோமோ' இதழில் 1961இல் வந்தபோது அவருக்கு வயது ஐம்பது. அதே ஆண்டில், குதிரைத்தலை யாழ் எப்படிப் பிறந்தது என்று சொல்லும் மங்கோலியக் கதையான 'சூஹோவின் வெள்ளைக் குதிரை'க்கும் படம் வரைந்தார். புல்வெளியின் பரப்பு இதழின் சிறிய பக்கத்தில் அடங்கவில்லை. எனவே 1967இல் அகன்ற பெரிய வடிவில் அந்நூலை முற்றிலும் புதிதாக வரைந்தார். பக்கத்தின் பெரும்பகுதியை வானத்துக்கும் நிலத்துக்கும் விட்டு, மனிதரைச் சிறிதாக வைத்த அந்தத் துணிவே அவருக்கு உலகப் பெயரைத் தந்தது. ஓவியர் பிரிவில் இவர் முதல் ஆசியர் அல்லர். 1974இலேயே ஈரானின் ஃபர்ஷித் மெஸ்காலி அதைப் பெற்றுவிட்டார். ஆனால் ஜப்பானுக்கு முதல் ஆண்டர்சன் விருது அகாபா வழியாகவே வந்தது.

அன்னோவின் வெற்றி சொல்லே இல்லாத நூல்களின் வெற்றி. ஷிமானே மாநிலத்தின் சுவானோ ஊரில் 1926இல் பிறந்த இவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1968இல் வந்த முதல் படப்புத்தகத்தில், மேல் எது கீழ் எது என்று கண்ணை ஏமாற்றும் படிக்கட்டுகளை வரைந்தார். 1977இல் தொடங்கிய 'பயணப் படப்புத்தகம்' வரிசையில், குதிரையேறிய ஒரு சிறு உருவம் ஐரோப்பிய ஊர்களுக்குள் நுழைந்து கடந்துபோகும். பக்கத்தில் ஒரு வரிகூட இராது. வாசகர் எந்த மொழிக்காரராக இருந்தாலும், கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் கதைமாந்தரையும் புகழ்பெற்ற ஓவியக் காட்சிகளையும் தாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மொழிபெயர்ப்பு என்ற தடையே இல்லாத இத்தகைய நூல்கள் 1984இல் ஆண்டர்சன் விருதைத் தேடித்தந்தது இயல்பே.

சொல்லுக்குத் திறந்த வழி

எழுத்தாளர்களுக்கு எதுவுமே கிட்டவில்லை என்று சொல்ல முடியாது. மியோகோ மாட்சுதானியின் 'டிராகன் மகன் டாரோ' 1960இல் வெளிவந்து, 1962இல் இப்பியின் சிறப்புப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் பட்டியலில் சேர ஒரு நூல் போதும். ஆண்டர்சன் விருதோ ஒருவரின் மொத்தப் படைப்புக்கும் தரப்படுவது. ஒவ்வொரு நாட்டின் கிளையும் தன் வேட்பாளரைப் பரிந்துரைத்து, அவர் நூல்களையும் அவரைப் பற்றிய விரிவான ஆவணத்தையும் நடுவர்களுக்கு அனுப்ப வேண்டும். ஜப்பானிய மொழி அறியாத நடுவர் ஓவியரின் நூலைப் புரட்டிப் பார்த்தே ஒரு முடிவுக்கு வரலாம். எழுத்தாளரின் நூலை அப்படி எடைபோட இயலாது.

எனவே பரிந்துரைக்கும் அமைப்பின் திறன் முக்கியமாகிறது. இப்பியின் ஜப்பான் கிளை 1974இல் அமைந்தது. 1986இல் டோக்கியோவில் இப்பியின் உலக மாநாட்டை அது நடத்தியது. வாசிப்பை வளர்க்கும் குழுக்களுக்கான இப்பி-அசாஹி விருதும் அவ்வாண்டே உருவானது. அதற்குப் பொருளுதவி ஜப்பானிய நாளிதழான அசாஹி ஷிம்புனுடையது.

மாடோவின் 1994 விருது இந்த உழைப்பின் விளைவு. 1909இல் பிறந்த மாடோ, யானையைப் பற்றிய ஒரு சிறு பாடலால் ஜப்பானியக் குழந்தைகள் அனைவரின் நாவிலும் வாழ்பவர். வெளியுலகம் அவரை அறியாதிருந்தது. இந்நிலையில் பேரரசி மிச்சிகோ அவர் கவிதைகளைத் தேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். விலங்குகள் பற்றிய அக்கவிதைகள் 1992இல் இருமொழி நூலாக வந்தன. அதற்குப் படம் வரைந்தவர் அன்னோ. நூல் ஜப்பானில் மட்டுமன்றி அமெரிக்காவிலும் வெளியானது. ஈராண்டுக்குள் மாடோ ஆண்டர்சன் விருது பெற்றார். 38 ஆண்டு வரலாற்றில் எழுத்தாளர் பிரிவில் விருது பெற்ற முதல் ஆசியர் அவரே. கவிதைகள் அரை நூற்றாண்டாக இருந்தன. நடுவர் படிக்கத்தக்க வடிவம் அப்போதுதான் கிடைத்தது.

அடுத்த எழுத்தாளருக்கு இருபதாண்டுகள் ஆயின. மானிடவியல் அறிஞரான உவேஹாஷி ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையே கள ஆய்வு செய்தவர். ஈட்டி ஏந்திய மெய்க்காப்பாளர் பெண் ஒருத்தியை நாயகியாக்கி அவர் எழுதிய 'மோரிபிதோ' வரிசையின் முதல் நூல் 1996இல் வந்தது. கேத்தி ஹிரானோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவில் 2008இல் வெளியாகி, மறு ஆண்டே பேட்செல்டர் விருதைப் பெற்றது. அயல்மொழிச் சிறார் நூலைச் சிறப்பாக ஆங்கிலத்தில் கொண்டுவந்த அமெரிக்கப் பதிப்பகத்துக்குத் தரப்படும் பரிசு அது. ஹிரோஷிமா அணுகுண்டைப் பற்றித் தோஷி மாருகி எழுதி வரைந்த 'ஹிரோஷிமா நோ பிகா'வின் பதிப்பாளருக்கும் 1983இல் இதே பரிசு கிடைத்திருந்தது. மொழிபெயர்ப்பு வந்து ஆறு ஆண்டுகளில், 2014இல், உவேஹாஷிக்கு ஆண்டர்சன் விருது.

திரைப்படப் புகழே போதாதா என்று கேட்கலாம். கடோனோவின் வாழ்க்கை அதற்கு விடை சொல்கிறது. துடைப்பத்தில் பறந்து பொதி கொண்டுசேர்க்கும் சிறுமி கிகியின் கதையை அவர் 1985இல் எழுதினார். கிப்லி நிறுவனம் 1989இல் அதைத் திரைப்படமாக்கியது. படம் உலகைச் சுற்றிவந்தது. நூல் ஆங்கிலத்தில் வந்ததோ 2003இல். விருது 2018இல் கிடைத்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. திரைப்படம் கதாபாத்திரத்தைப் பரப்பியது. எழுத்தாளரை அறிமுகம் செய்ய நூலே தேவைப்பட்டது.

பெற்றவர் தருபவரானார்

அங்கீகாரம் பெற்றதோடு ஜப்பான் நின்றுவிடவில்லை. 1978இல் டோக்கியோவிலுள்ள யுனெஸ்கோ ஆசியப் பண்பாட்டு மையம் நோமா படப்புத்தக ஓவியப் போட்டியைத் தொடங்கி, ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க ஓவியர்களுக்கு முப்பதாண்டுகள் மேடை தந்தது. 2000ஆம் ஆண்டு மே 5, ஜப்பானின் குழந்தைகள் தினத்தன்று, டோக்கியோவின் உவெனோவில் பன்னாட்டுச் சிறார் இலக்கிய நூலகம் திறந்தது. இப்பியின் தலைவராக 1998 முதல் 2002 வரை ஜப்பானைச் சேர்ந்த டாயோ ஷிமா இருந்தார்.

இந்த வரலாறு இந்தியாவையும் தொட்டுச் செல்கிறது. இப்பியின் இந்தியக் கிளையாக இயங்குவது, கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1981இல் நிறுவிய சிறார் எழுத்தாளர், ஓவியர் சங்கம். 1998இல் இப்பி மாநாடு புதுதில்லியில் நடந்தபோது பேரரசி மிச்சிகோ தம் சிறுவயது வாசிப்பைப் பற்றிய உரையைக் காணொளியாக அனுப்பினார். சென்னையின் தாரா பதிப்பகம் கோண்டு ஓவியர் மூவரைக் கொண்டு கைகளாலேயே அச்சிட்ட 'மரங்களின் இரவு வாழ்க்கை' 2008இல் போலோன்யாவில் பரிசு பெற்றது. பின்னர் ஜப்பானியப் பதிப்பாகவும் வந்தது. டோக்கியோவின் இதாபாஷி கலை அருங்காட்சியகம் 2017இல் அப்பதிப்பகத்தின் நூல்களுக்கென்றே கண்காட்சி நடத்தியது. இங்கும் முதலில் எல்லை தாண்டியது ஓவியமே.

முடிவுரை

ஜப்பானிய அனுபவம் தெளிவான ஒரு முடிவைத் தருகிறது. உலக விருதுகள் தனிமேதைகளைத் தேடிக்கொண்டு வருவதில்லை. மாதந்தோறும் புதிய ஓவியரை அச்சேற்றிய இதழ், பிள்ளைகளின் முகம் பார்த்துப் புத்தகம் தேர்ந்த வீட்டு நூலகம், விடாது பரிந்துரைத்த அமைப்பு, தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஆகிய நான்கும் சேர்ந்தபோதே விருதுகள் வந்தன. நான்காவது இல்லாதவரை ஓவியருக்கு மட்டுமே வழி திறந்தது.

ஆண்டர்சன் விருதை 2024வரை இந்தியர் எவரும் பெறவில்லை. தமிழில் வளமான சிறார் பாடல் மரபு உண்டு. சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய விருதும் தருகிறது. அவ்விருது பெற்ற நூல்களிலிருந்தாவது ஆண்டுக்குச் சிலவற்றைத் தேர்ந்து, நல்ல ஆங்கிலத்தில், நல்ல ஓவியங்களோடு கொண்டுவரும் திட்டம் ஒன்று வேண்டும். பதிப்பகங்களும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் சேர்ந்தால் இது ஆகாத காரியமன்று. நம் சிறார் எழுத்தாளர்களை உலகம் அறியவில்லையே என்று வருந்துவதைவிட, உலகம் படிக்கத்தக்க வடிவில் அவர்களைத் தருவதே நாம் முதலில் செய்ய வேண்டியது.