செல்போனுக்குள் மெட்ராஸ் நேரம்

ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ல் கிளம்பியது. ரயில் வந்தபிறகு ஊருக்கு ஒரு நேரம் என்பது சரிப்படவில்லை. நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்த மெட்ராஸ் நேரத்தையே பிற்பாடு இந்திய ரயில்கள் பொதுவாக எடுத்துக்கொண்டன. கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னே. 1906 ஜனவரி 1ல்தான் 5:30 வந்தது.

லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில், 'ஏசியா/கொல்கத்தா' என்ற பெயரின்கீழ், அந்த 10 நொடி இன்னமும் பத்திரமாக இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், கோடில் 5:30 என்று கையால் எழுதாதீங்க. லைப்ரரியிடம் கேளுங்க. 1899ம் வருட ரயில் பதிவேட்டை அப்படி ஏற்றினால் 8 நிமிடம் 50 நொடி பிசகும். நேர மண்டலம் வெறும் கணக்கு இல்லை. அரசாங்க உத்தரவுகளின் வரலாறு.