கென்யா செல்லும் இளைஞர்களுக்கு: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் பிற முன்னேற்பாடுகளும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கென்யாவுக்குத் தொண்டுப் பணி, மலையேற்றம், வனவிலங்குச் சுற்றுலா எனப் புறப்படுகிறீர்களா? முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்யுங்கள். இது மஞ்சள் காமாலை அன்று; கொசுவால் பரவும் வைரஸ் நோய். இந்தியாவில் இந்நோய் இல்லை. ஆனால் இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் தண்ணீர்த் தொட்டிகளிலும் தேங்காய்ச் சிரட்டைகளிலும் வளர்கிறது. ஆகவேதான் விதி கடுமையானது: சான்றிதழின்றித் திரும்புவோர் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம்.

இத்தடுப்பூசி அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே செலுத்தப்படும். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனமும் தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகமும் அவற்றுள் அடங்கும். முன்பதிவு செய்து, கடவுச்சீட்டுடன் செல்லுங்கள். செலுத்திய 10 நாட்களுக்குப் பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும்; அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். முட்டை ஒவ்வாமை, கர்ப்பம், நோய் எதிர்ப்புக் குறைபாடு இருப்பின் மருத்துவரிடம் முன்னரே தெரிவியுங்கள்.

மேகமலையில் நடந்து பழகுவது கால்களுக்கு நல்லது. உயரத்திற்கு அது போதாது. மேகமலை ஏறத்தாழ 1,500 மீட்டர். கென்யா மலையின் லெனானா முனை 4,985 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்குமிடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துங்கள். தலைவலியுடன் தடுமாற்றமோ, ஓய்விலும் மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே கீழிறங்குங்கள். விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

மாசாய் மாரா போன்ற பகுதிகளில் மலேரியா உண்டு. மருத்துவர் தரும் தடுப்பு மாத்திரையைத் திரும்பிய பின்னரும் குறித்த காலம்வரை உட்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய சில மாதங்களில் காய்ச்சல் கண்டால், ஆப்பிரிக்கா சென்றுவந்ததை மருத்துவரிடம் முதலில் கூறி, அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.