தங்கவயலில் வாசகசாலையும் வீடும்

நம் காலனியில் கூட்டம் என்று ஒன்று கூடினால் ஒரு குறை தவறாமல் பேசப்படும். நூல் நிலையம் இருக்கிறது, ஆனால் குடும்பங்கள் அதன் பக்கம் வருவதில்லை என்பதே அக்குறை. மக்களுக்கு ஆர்வமில்லை என்பார் சிலர். தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்து படிப்பைக் கெடுத்தன என்பார் வேறு சிலர். கைப்பேசி நேற்று வந்தது. அது வருவதற்கு முன்பும் நம் தாய்மார்கள் நூல் நிலையத்தின் படியேறியதாக எவரும் சொல்ல நான் கேட்டதில்லை. ஆதலின் காரணம் பழையதாக இருத்தல் வேண்டும். அதை நம் ஊர் வரலாற்றில் தேடுவது இம்மலருக்குப் பொருந்தும் எனக் கருதுகிறேன்.

1880ஆம் ஆண்டில் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்க வேலையைத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் திரள் திரளாக வந்தனர். 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை ரயில் பாதை அமைந்தபின் வரவு மேலும் எளிதாயிற்று. வந்தவர்களுள் பெரும்பாலோர் சொந்த ஊரில் பள்ளித் திண்ணையை எட்டி நின்று பார்த்தவர்களேயன்றி ஏறி அமர்ந்தவர்கள் அல்லர். தீண்டாமை கோலோச்சிய அக்காலத்தில் புத்தகம் இருந்த இடம் அவர்களுக்கு உரிய இடமாக இருந்ததில்லை. தட்டி வீடுகளில் குடியேறிய இந்த மக்களிடம் வாசகசாலைப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்பது நியாயமே. ஆனால் வந்தது, அதுவும் வியக்கத்தக்க வேகத்தில் வந்தது.

1907 ஜூன் மாதம் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழை வெளியிடலானார். மறு ஆண்டில் அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. அந்த இதழுக்குத் தங்கவயலில் வாசகர்கள் இருந்தனர். இங்கிருந்து கடிதங்களும் சந்தாவும் சென்றன. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் தோன்றின. பகலெல்லாம் பாறையைக் குடைந்தவர்கள் மாலையில் இச்சங்கங்களில் கூடி, தமக்கும் ஒரு வரலாறு உண்டு என்று அச்சில் கண்டனர். 1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் நின்றுபோன ‘தமிழன்’ இதழ் 1926இல் மீண்டும் உயிர் பெற்றபோது, அது வெளிவந்த ஊர் சென்னை அன்று, நம் தங்கவயலே. ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை இங்குள்ள சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது. பொன் விளைந்த ஊர் என்று நம்மூரை எல்லோரும் அறிவர். புத்தகம் விளைந்த ஊர் என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

இவ்வாறு தொடங்கிய ஊரில் நூல் நிலையப் பழக்கம் ஏன் வீட்டுக்குள் புகவில்லை?

அந்த வாசகசாலைகளில் நடந்தது பெரும்பாலும் கேட்டலே. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். சுற்றி அமர்ந்தோர் கேட்பர். பிறகு வாதம் நடக்கும். பிற்காலத்தில் திராவிட இயக்கத்தார் நடத்திய படிப்பகங்களிலும், தேநீர்க் கடைகளிலும், முடிதிருத்தும் நிலையங்களிலும் தமிழ்நாடெங்கும் இதுவே வழக்கமாயிருந்தது. இதைக் குறைவாக எண்ணுதல் ஆகாது. எழுத்தறியாதவனையும் செய்தியறிந்தவனாக ஆக்கியது இம்முறைதான். ஆயினும் அங்கே அமர்ந்தவர்கள் ஆடவர்கள். ஷிப்டு முடிந்து மேலே வந்தவனுக்கு அஃது இளைப்பாறும் இடம்; அரசியல் பேசும் இடம். மனைவி அங்கே செல்வது வழக்கமில்லை. அவளுக்கு நேரமும் இல்லை. சுரங்கத்தில் ஷிப்டு மூன்று. தந்தை ஒன்றிலும் மகன் வேறொன்றிலும் இருந்தால் அடுப்பு அணைவது எப்போது? புத்தகமும் வீட்டிற்கு வரவில்லை. ஒரே ஒரு செய்தித்தாளைப் பத்துப் பேர் பகிரும் இடத்தில், அதை வீட்டுக்கு எடுத்துச் செல்ல எவர் விடுவர்?

அதற்காக வீட்டில் நூலே இல்லை என்று கொள்ளலாகாது. சந்தையிலும் திருவிழாவிலும் விற்ற ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்கள் இருந்தன. நல்லதங்காள் கதையும், அல்லி அரசாணி மாலையும், விக்கிரமாதித்தன் கதையும் அப்பதிப்புகளாகத் தமிழர் வீடுகளில் புழங்கின. பள்ளிக்குச் சென்ற பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்க, பாட்டி கண்ணீர் விடுவாள். ஆக, மாதர்க்குக் கதையில் ஆர்வமில்லை என்பது பொய். அவர்கள் விரும்பிய நூல் வாசகசாலையில் இல்லை. வாசகசாலையில் இருந்த நூலை அவர்களிடம் கொண்டுவருவார் இல்லை. படித்த ஆடவர்கள் அக்கதைகளை இகழ்ந்ததும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இகழ்ந்தவர்கள் அதற்கு ஈடாக ஒரு நூலைக் கையில் கொடுத்திருந்தால் பொருத்தமாயிருந்திருக்கும்.

சுரங்க மக்கள் நடத்திய நூல் நிலையங்களுக்குப் பெயர் பெற்றது பிரிட்டனிலுள்ள தெற்கு வேல்ஸ் நாடு. அங்கே நிலக்கரித் தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து சிறு தொகையைப் பிடித்தம் செய்யச் சொல்லி, ஊருக்கு ஊர் மன்றம் கட்டி நூல் நிலையம் வைத்தனர். 13 வயதில் சுரங்கத்தில் இறங்கிய அனாய்ரின் பெவன், டிரெடிகர் ஊர்த் தொழிலாளர் மன்றத்து நூல்களைப் படித்து வளர்ந்தவர். அவரே 1945இல் சுகாதார மந்திரியாகி, 1948இல் பிரிட்டன் முழுவதற்கும் இலவச மருத்துவ சேவையை நிறுவினார். இத்துணைச் சிறப்புடைய அந்த மன்றங்களும் ஆடவர் மன்றங்களாகவே இருந்தன. மாதர் அவற்றில் புழங்கியது மிகக் குறைவு. சுரங்கங்கள் மூடப்பட மூடப்பட நூல்கள் விலைக்குப் போயின, சிதறின. எஞ்சியவற்றைத் திரட்டிக் காக்க 1973இல் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தார் தனி நூலகம் ஒன்று அமைக்க வேண்டியதாயிற்று. வீட்டில் வேர் விடாத நூல் நிலையம், தொழில் போனதும் உடன் போயிற்று.

இனிச் சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். சென்னை மாகாணம் 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, சுதந்திர இந்தியாவில் முதன்முறையாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது. அந்நாளில் மைசூர் ராஜ்யம் எனப்பட்ட நம் கர்நாடகத்தில் அத்தகைய சட்டம் 1965இல் வந்தது. இரண்டிலும் வீட்டு வரியோடு நூலக வரி சேரும். வரி கட்டுகிறவன் நூலகத்தைத் தன் உரிமையாகக் கருதுவான் என்பது எண்ணம். ஆனால் கம்பெனி லைனில் குடியிருந்த தொழிலாளிக்கு வீடே சொந்தமில்லை. வரிச்சீட்டை அவன் எங்கே கண்டான்? மேலும் கன்னட நாட்டுப் பொது நூலகத்தில் கன்னட நூல்கள் முதலிடம் பெறுவது முறையே. அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. தமிழ் நூலைத் தேடிச் சென்ற தாய் அங்கே தனக்குரியது குறைவு என்று கண்டிருப்பாள், மறுமுறை சென்றிருக்கமாட்டாள்.

குடும்பங்கள் நூலைத் தம்முடையதாக்கிக்கொண்ட இடங்களும் உண்டு. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட், 1910இல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்ற நூலக அறிஞரை வரவழைத்து, தம் நாடு முழுவதும் இலவச நூல் நிலையங்களை அமைத்தார். தலைநகரின் மைய நூலகத்தில் மாதர்க்கும் சிறுவர்க்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. கிராமங்களுக்குப் பெட்டி பெட்டியாக நூல்கள் சென்று திரும்பின. நம் தமிழ்நாட்டிலேயே, 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை அடுக்கிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அம்முயற்சிக்குத் துணை நின்றவர் நூலகத் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன். வண்டி தெருவில் வந்து நிற்கும்; மக்கள் நூலை எடுத்துக்கொள்வர்; அடுத்த முறை வரும்போது திருப்பிக் கொடுப்பர். கதவைத் திறந்து வைத்து மக்கள் வருவர் என்று காத்திருப்பது ஒரு முறை; மக்களின் கதவுக்குச் செல்வது வேறு முறை. தங்கவயலில் முதல் முறை மட்டுமே இருந்தது.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் நம்மூரின் வேலை நேரம் சுரங்கச் சங்கோடு இல்லை. மாரிகுப்பத்து ரயிலோடு இருக்கிறது. விடியலில் ஏறி, பெங்களூரில் உழைத்து, இருட்டியபின் இறங்குகிறார்கள் நம் பிள்ளைகள். ஒரு வழிப் பயணமே இரண்டு மணி நேரத்துக்குக் குறைவில்லை. மாலை 6 மணிக்கு மூடும் நூல் நிலையம் இவர்களுக்கு எதற்கு? இன்னொன்று இதைவிடக் கவலைக்குரியது. நம் வீடுகளில் தமிழ் பேசப்படுகிறது, ஆனால் பள்ளியில் ஆங்கிலமோ கன்னடமோ பயிலும் குழந்தைகளுள் பலர்க்குத் தமிழ் எழுத்துத் தெரியவில்லை. நூறாண்டுக்கு முன் பாட்டன் எழுத்தறியாமல் காதால் கேட்டான். இன்று பட்டம் பெற்ற பேரனும் தமிழைக் காதால் மட்டுமே அறிகிறான். சாம்பியன் ரீஃபிலிருந்து வந்த ‘தமிழன்’ இதழை அவன் கையில் கொடுத்தால் மேலட்டைப் பெயரைக்கூட அவனால் படிக்க இயலாது.

நம் சங்கத்து நூல் அலமாரியின் சாவி எப்போதும் ஆடவர் ஒருவரிடமே இருந்து வருகிறது. அதை இவ்வாண்டு மாதர் குழுவிடம் ஒப்படைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில், ரயில் ஏறாத அந்த ஒரு நாளில், லைனுக்கு ஒரு பெட்டியாக நூல்கள் செல்லட்டும். அவற்றுள் பாதி சிறுவர் நூல்களாகவும், பெரிய எழுத்தில் அச்சிட்டனவாகவும் இருக்கட்டும். புத்தகம் கிழியும், தொலையும் என்று செயற்குழுவில் ஆட்சேபணை எழுமென அறிவேன். நம் அலமாரியில் கிழியாமல் இருக்கும் நூல்களை நான் பார்த்திருக்கிறேன். பலவற்றின் பக்கங்கள் இன்னும் பிரிக்கப்படவே இல்லை.