மலாக்காவில் எண்ணும் எழுத்தும்

மலாக்காவில் ஒரு காலத்தில் வசதியுள்ள குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளைக் கணக்குப் பழகுவதற்கென்றே தமிழ் படிக்க அனுப்பினார்கள் என்றால் இன்று நம்புவோர் சிலராகவே இருப்பர். அது கட்டுக்கதையன்று. மலாய் உரைநடையின் முன்னோடி எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாவே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்த செய்தி அது.

அப்துல்லா 1796இல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முப்பாட்டனார் ஏமன் நாட்டு அராபியர். நாகூரில் வந்து தங்கித் தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அவர் மக்களுள் ஒருவரே மலாக்காவுக்கு வந்து குடும்பம் கண்டார். அப்துல்லாவின் பாட்டி கம்போங் பாலியில் ஏறக்குறைய இருநூறு சிறுவர் சிறுமியருக்குத் திருக்குர்ஆன் ஓதக் கற்பித்து வந்தார். சிறுவனின் முதற் படிப்பு அங்கேதான் நடந்தது. விரல்களை இடுக்கும் பிரம்பு முதலாய், காலில் கட்டையோடு பிணைக்கும் சங்கிலி வரை, அக்காலத்துத் தண்டனைக் கருவிகளை அவர் வரிசையாக வருணிக்கிறார். நம் திண்ணைப் பள்ளிக் கோதண்டத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதில் வியப்பிராது.

ஓதல் முடிந்ததும் தந்தையார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். நற்குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு மலாக்காவில் வழக்கம் என்றும், கணக்குப் பார்ப்பதற்கும் பேசிப் பழகுவதற்கும் அது வேண்டியிருந்தது என்றும், அந்நாளில் ஊர் இந்திய வணிகரால் நிறைந்திருந்தது என்றும் அவர் காரணம் கூறுகிறார். இரண்டரை ஆண்டுகள் அவர் தமிழ் பயின்றார். பின்னர்தான் மலாய் எழுத்திலும் இலக்கணத்திலும் முழுமூச்சாக இறங்கினார். 1849இல் கல்லச்சில் வெளியான அவருடைய வரலாற்று நூலை மலாய் மாணவர்கள் இன்றும் அறிவார்கள். அதனை எழுதிய கை முன்பு தமிழும் எழுதிய கை என்பதைத் தமிழ் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வார்தாம் குறைவு.

இந்த வழக்கம் திடீரென முளைத்ததன்று. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அவர்களுக்குத் துணை நின்ற நைனா சாத்து ஒரு தென்னிந்திய வணிகர். அவரை அவர்கள் பெண்டகாராவாக்கினர். கடை, கப்பல், பெட்டி, முதல் ஆகிய நம் சொற்கள் மலாய் மொழியில் ‘கெடாய்’, ‘காப்பால்’, ‘பெத்தி’, ‘மோடால்’ என வழங்குகின்றன. நான்கும் வாணிகத்தோடு ஒட்டியவை. துறைமுகத்தில் தமிழ் எந்த வேலைக்குப் பயன்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

தாய்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் அந்நாளில் மாணாக்கன் மணலில் விரலால் எழுதிப் பழகினான். பின்பே ஓலைக்கு வந்தான். எண்சுவடி அவனுக்கு மனப்பாடம். கால், அரைக்கால், வீசம் என்று இறங்கி, எண்பதில் ஒரு பங்கான காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி வரை வாய்ப்பாடு உண்டு. நெல் அளப்பதற்கும் பொன் நிறுப்பதற்கும் அதுவே கருவி. முதிர்ந்த மாணாக்கன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பான், அவனே சட்டாம்பிள்ளை. சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார் 1789 முதல் இம்முறையைக் கையாண்டு, 1797இல் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் ‘சென்னை முறை’ என்ற பெயரால் எழுத்தறிந்தது அதன் பின்னரே. மனப்பாடம் மட்டும் போதும் என்று இதனால் கொள்ளலாகாது. அந்த மனப்பாடத்துக்குப் பின்னால் கடையும் களஞ்சியமும் இருந்தன. பிள்ளை காலையில் ஒப்புவித்ததை மாலையில் தந்தையின் கடையில் கண்டான். வாய்ப்பாட்டுக்கு உயிர் கொடுத்தது அதுவே.

மலாக்காவில் 1850இல் ஆங்கில-தமிழ்ப் பள்ளி ஒன்று தோன்றியது. ஆனால் நிலைமையை அடியோடு மாற்றியது ரப்பர். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அடுத்து அசஹான் பகுதியில் காடு பெருந்தோட்டமாயிற்று. பால்மரம் வெட்டத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து குடும்பங்கள் வந்தன. வணிகரின் தமிழ் இருந்த இடத்தில் தொழிலாளரின் தமிழ் வந்தது.

பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்ற கடமை 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் வழியே மலாய் ஐக்கிய நாடுகளிலும், 1920களில் மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களிலும் வந்தது. கடமை தாளில் இருந்தது. பள்ளியோ பல இடங்களில் ஓர் அறை. ஆறு வகுப்புக்கும் ஓர் ஆசிரியர். அவரும் சில வேளை கிராணியாகவோ கங்காணியாகவோ இருந்தார். பாடப் புத்தகம் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. பால்மரத்தையும் பெரட்டுக் களத்தையும் அறிந்த பிள்ளை காவிரியையும் நெல் வயலையும் வாசித்தது. எடைத் தராசு தோட்டத்தில் தினமும் தொங்கியது. எத்தனை ராத்தல் பால், என்ன கூலி என்ற கணக்கு செக்ரோலில் ஏறியது. அதை வாசிக்கத் தெரியாத தாய் தகப்பனுக்குக் கிராணி சொன்னதே கணக்கு. எழுத்தறிவின் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் இல்லை. பள்ளி அதைப் பாடமாக்கிக்கொள்ளவில்லை என்பதே குறை.

1951ஆம் ஆண்டு பார்ன்ஸ் அறிக்கை மலாயும் ஆங்கிலமும் மட்டுமே பயிற்று மொழியாக வேண்டும் என்றபோது தமிழர் எதிர்த்தனர். 1956இன் ரசாக் அறிக்கையும் 1957இன் கல்விச் சட்டமும் தமிழ் தொடக்கப் பள்ளிகளுக்குத் தேசியக் கல்வியில் இடமளித்தன. பொதுவான பாடத்திட்டமும் வந்தது. இடைநிலைப் பள்ளி வேறு மொழியில் இருந்தமையால், ஆறாண்டு படித்த பிள்ளை புகுமுக வகுப்பில் மேலும் ஓராண்டு உட்கார நேர்ந்தது.

அடிப்படைத் திறனே முதல் என்று அரசாங்கம் வெளிப்படையாகச் சொன்னது 1983இல். முந்திய ஆண்டு சோதித்துப் பார்த்த புதிய தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டம் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் தலையாய குறிக்கோளாக வைத்தது. நல்ல நோக்கம். ஆயினும் 2003இல் கணிதமும் அறிவியலும் முதலாம் ஆண்டிலிருந்தே ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. வீட்டில் ‘ஏழெட்டு ஐம்பத்தாறு’ என்று கேட்ட பிள்ளை வகுப்பில் எண்ணையே புதிதாகப் பெயரிட வேண்டியதாயிற்று. 2009இல் அம்முறையைக் கைவிட அரசு முடிவு செய்தது. 2010இல் தொடங்கிய ‘லீனுஸ்’ திட்டம் முதல் மூன்றாண்டுகளுக்குள் எல்லாப் பிள்ளைகளும் எழுத்தும் எண்ணும் அறியவேண்டும் என்றது. ஆனால் எழுத்தறிவை அது அளந்தது மலாய் மொழியில். 2013 முதல் ஆங்கிலத்திலும். தமிழ்ப் பிள்ளை தமிழில் சரளமாக வாசித்தாலும் அந்த அளவுகோலில் பின்தங்கியவனாகத் தோன்றக்கூடியதாயிருந்தது. இரு மொழியும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எது எதற்குப் படியாக அமைகிறது என்பதில்தான் தெளிவு வேண்டும். அப்துல்லாவுக்குத் தமிழ்க் கணக்கு மலாய்ப் புலமைக்கு இடையூறாக இருந்ததில்லை.

இன்று மலாக்காவில் 21 தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. ரப்பர் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டது; லயங்கள் காலியாயின; குடும்பங்கள் ஜாசின், அலோர் காஜா, மலாக்கா நகரம் என்று பெயர்ந்தன. பல பள்ளிகளின் பெயரில் ‘லாடாங்’ என்னும் சொல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் அவற்றின் வாசலில் இறங்கும் பிள்ளைகளுள் பலர் நகர்ப்புறக் குடியிருப்புகளிலிருந்து பேருந்தில் வருகிறார்கள்.