இரண்டு நீலங்கள்: நீல அமெராக்கானா கோழி இனவிருத்தியில் ‘தூய்மை’ என்னும் அளவுகோல்

முன்னுரை

உதிர்ந்து கிடக்கும் மார்பிறகு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், நீல அமெராக்கானாப் பெட்டையின் நிறம் எத்தகையது என்பது விளங்கும். வானத்தின் நீலமன்று அது. மழையில் நனைந்த பலகைக்கல்லின் சாம்பல் கலந்த நீலம். இறகின் விளிம்பில் மட்டும் அந்நிறம் அடர்ந்து, மை தீட்டியதுபோல் ஒரு கோடாக ஓடுகிறது. அதே பெட்டை இட்ட முட்டையை உடைத்து, ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வை உரித்துப் பார்த்தால், ஓட்டின் உள்பக்கமும் வெளிப்பக்கம் போலவே நீலமாக இருக்கிறது. பழுப்பு முட்டையில் இப்படி இராது. அதன் நிறம் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும்.

இரண்டையும் ‘நீலம்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். மரபியலோ இவற்றை வெவ்வேறாகக் காண்கிறது. முட்டையின் நீலம் தலைமுறைதோறும் மாறாமல் நிலைக்க வேண்டுமானால், அதற்குரிய மரபணுவின் இரு அல்லீல்களும் ஒத்திருக்க வேண்டும். இறகின் நீலம் தோன்ற வேண்டுமானால், அதற்குரிய இரு அல்லீல்களும் வேறுபட்டிருக்க வேண்டும். எதிரெதிரான இவ்விரு நிபந்தனைகளும் ஒரே பறவையில் கூடியிருக்கின்றன. ஆகவே தூய்மையைத் தனிப்பறவையைக் கொண்டு அளக்கும் வழக்கம் நீல அமெராக்கானாவுக்குப் பொருந்தாது. கோழிக்கூட்டத்தையே அலகாகக் கொண்டு அதை அளக்க வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

1. இனம் உருவான வழி

அமெராக்கானாவின் நீல முட்டை, தென் அமெரிக்காவில், சிலி நாட்டு மப்பூச்சே மக்கள் வளர்த்த கோழிகளிலிருந்து வந்தது. ஸ்பெயின் நாட்டுக் கோழியியல் பேராசிரியர் சால்வடார் காஸ்தெல்யோ, ஹேக் நகரில் 1921இல் கூடிய முதல் உலகக் கோழியியல் மாநாட்டில் சிலி நாட்டுக் கோழிகளை உலகுக்கு அறிமுகம் செய்தார். அவர் கண்ட கோழிகளுக்குக் காதோரம் குஞ்சமிருந்தது, வால் இல்லை, முட்டை நீலம். பின்னர் இவற்றின் வழித்தோன்றல்கள் அமெரிக்காவில் பிற இனங்களோடு கலந்து பல வடிவங்கள் எடுத்தன. குஞ்சமும் வாலின்மையும் கொண்ட வடிவத்தை மட்டும் அரௌக்கானா என்று 1976இல் அமெரிக்கக் கோழியியல் சங்கம் ஏற்றது. தாடியும் கன்னமயிரும் வாலும் கொண்ட கோழிகளை வளர்த்தவர்கள் அமெராக்கானா என்ற பெயரில் ஒன்றுகூடினர். 1984இல் இவ்வினம் எட்டு நிறங்களில் ஏற்பைப் பெற்றது. அவற்றுள் நீலமும் ஒன்று.

இப்பிரிவில் ஒரு மரபியல் உண்மையும் அடங்கியுள்ளது. அரௌக்கானாவின் காதுக் குஞ்சத்துக்குரிய மரபணு இரட்டையாக அமைந்தால், கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். எனவே குஞ்சமுள்ள அரௌக்கானாவும் அப்பண்பில் ‘தூயது’ ஆக முடியாது. அங்கே ஒத்த அல்லீல்களுக்கு உயிரே விலையாகிறது. நீல இறகில் அந்த இழப்பு இல்லை. ஒத்த அல்லீல்கள் பெற்ற குஞ்சுகளும் நலமாகவே வளர்கின்றன. அவற்றின் நிறம் மட்டுமே வேறு.

2. இறகின் நீலம்: வேற்றுமையில் நிற்கும் பண்பு

நீல மரபணு கருநிறமியை வெளிறச் செய்கிறது. அதன் ஒரு படி இருந்தால் கறுப்பு நீலமாகும். இரு படிகள் இருந்தால் பறவை சாம்பல் வெண்மையாகி, அதன் மேல் நீலமும் கறுப்பும் ஆங்காங்கே சிந்தியதுபோல் தெறித்திருக்கும். இதை வளர்ப்போர் ஸ்பிளாஷ் என்பர். ஒரு படியும் இல்லையென்றால் பறவை கறுப்பாகவே இருக்கும். பாடநூல்களில் நாம் படிக்கும் முழுமையற்ற ஓங்குத்தன்மை இதுதான்.

நீலச் சேவலை நீலப் பெட்டையோடு சேர்த்தால் சராசரியாகக் கால்பங்கு கறுப்பு, அரைப்பங்கு நீலம், கால்பங்கு ஸ்பிளாஷ் கிடைக்கும். நீலத்தோடு கறுப்பைச் சேர்த்தால் பாதி நீலம், பாதி கறுப்பு. கறுப்பையும் ஸ்பிளாஷையும் சேர்த்தால் எல்லாக் குஞ்சுகளும் நீலம். குஞ்சு பொரிந்து ஈரம் உலர்ந்ததுமே இந்த வேறுபாடு பெரும்பாலும் தெரிந்துவிடும்: கறுப்புக் குஞ்சு வயிற்றில் மட்டும் வெளுத்திருக்கும், நீலக் குஞ்சு சாம்பல் பொதிந்திருக்கும், ஸ்பிளாஷ் குஞ்சு மங்கிய வெண்மையாக இருக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபியலாளர்கள் பேட்சனும் பன்னெட்டும் அண்டலூசியன் கோழிகளைக் கொண்டு இவ்விதியை விளக்கினர். அதுவரை நீலக் கோழி வளர்த்தவர்கள், இடையிடையே பிறந்த கறுப்பையும் ஸ்பிளாஷையும் கழிவு என்று ஒதுக்கிவந்தனர். கழிவாகக் கருதப்பட்ட அவ்விரண்டையும் இணைத்தால் நீலம் மட்டுமே பிறக்கும் என்பதைப் பன்னெட் எடுத்துக்காட்டினார். நூறாண்டுக்கு மேலாகியும் ஒதுக்கும் மனப்பான்மை முற்றிலும் மாறவில்லை. நீலம் வேண்டி முட்டை வாங்குபவர் கறுப்புக் குஞ்சைக் கண்டதும் ஏமாற்றப்பட்டதாக எண்ணுகிறார்.

அந்த எண்ணம் சரியா என்பதை எளிய கணக்கொன்று காட்டும். நீல இணை ஒன்றிலிருந்து எட்டுக் குஞ்சுகள் பொரிகின்றன என்று கொள்வோம். அவற்றுள் சரியாக நான்கு நீலமாக இருக்கும் வாய்ப்பு 256இல் 70 மட்டுமே, அதாவது ஏறத்தாழ 27 விழுக்காடு. ஐந்தோ மூன்றோ வந்தால் மரபு விதி தவறிவிட்டது என்று பொருளன்று. விகிதம் பெரும் எண்ணிக்கைக்கு உரியது. ஓர் அடையில் அதை எதிர்பார்ப்பது தவறு.

3. முட்டையின் நீலம்: ஒற்றுமையில் நிற்கும் பண்பு

நீல முட்டை ஓங்கு பண்பு என்பதை 1933இல் ஆய்ந்து வெளியிட்டவரும் அதே பன்னெட்தான். அம்மரபணுவின் அடிப்படை 2013இல் தெளிவாயிற்று. பழைய ரெட்ரோவைரஸ் ஒன்றின் துண்டு கோழியின் முதல் குரோமோசோமில் செருகிக்கொண்டதால், அருகிலுள்ள ஒரு மரபணு முட்டை ஓடு உருவாகும் கருப்பையில் மிகுதியாகச் செயல்படுகிறது. பிலிவெர்டின் என்னும் நிறமி ஓடு முழுவதும் படிகிறது. சிலி நாட்டுக் கோழிகளிலும் சீனக் கோழிகளிலும் இச்செருகல் தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது.

ஓங்கு பண்பாக இருப்பதே இங்குச் சிக்கல். ஒரு படி மட்டும் பெற்ற பெட்டையும் நீல முட்டையே இடும்; அதன் குறையை முட்டை காட்டிக்கொடுக்காது. சேவலோ முட்டையே இடுவதில்லை. இறகின் அழகில் மயங்கி, மரபு தெரியாத நீலச் சேவலைக் கூட்டத்தில் சேர்த்தால், முட்டையின் நீலம் கண்ணுக்குத் தெரியாமல் கரையத் தொடங்கும். அடுத்தடுத்த தலைமுறைகளில்தான் வெள்ளையோ பழுப்போ வெளிப்படும். அமெராக்கானாவின் பட்டாணிக் கொண்டைக்குரிய மரபணு நீல முட்டை மரபணுவுக்கு மிக அருகில் பிணைந்திருப்பதால், கொண்டை ஓரளவு வழிகாட்டும். ஆயினும் நீல முட்டையே இடாத பிரம்மா இனத்துக்கும் பட்டாணிக் கொண்டை உண்டு. எனவே அது குறிப்பேயன்றிச் சான்றாகாது.

சான்று சோதனைக் கலப்பில் கிடைக்கும். சேவலை வெள்ளை முட்டையிடும் லெகார்ன் பெட்டைகளோடு சேர்த்து, பிறக்கும் பெட்டைகள் முட்டையிடும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு படி மட்டும் கொண்ட சேவலின் ஏழு மகள்களும் நீல முட்டையிடும் வாய்ப்பு 128இல் ஒன்றுதான். ஏழும் நீலமிட்டால் அச்சேவலை நம்பலாம். பல மாதக் காத்திருப்புதான். ஆனால் கொண்டையைப் பார்த்து இந்த உறுதி கிடைப்பதில்லை.

4. இரு மறுப்புகள்

கறுப்பையும் ஸ்பிளாஷையும் இணைத்து நீலத்தை மட்டுமே பெறலாமே என்பது முதல் மறுப்பு. ஒரு தலைமுறைக்கு இது சரி. ஆனால் அவ்விரு நிறங்களையும் தொடர்ந்து யாரேனும் பேண வேண்டும். மேலும் ஸ்பிளாஷ் பறவையில் இறகின் அடிநிறமும் விளிம்புக்கோடும் மறைந்துவிடுவதால், அவற்றின் தரத்தைக் கண்ணால் கணிக்க இயலாது. கறுப்பில் அடிநிறத்தின் ஆழமும் சாம்பல்நீலக் காலின் செறிவும் தெளிவாகத் தெரியும். நீலத்தோடு கறுப்பை இணைக்கும் வழியில் பாதிக் குஞ்சுகளே நீலமாகும். ஆனாலும் பெற்றோர் இருவரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியும். அதனால் அதையே முதன்மை வழியாகக் கொள்ளலாம்.

மாறாமல் பிறக்கும் லாவெண்டர் நிறத்தை வைத்துக்கொள்ளலாமே என்பது இரண்டாவது மறுப்பு. லாவெண்டர் வேறொரு ஒடுங்கு மரபணுவின் விளைவு. அது தன்னிறத்திலேயே தலைமுறை தொடரும் என்பது உண்மை. ஆனால் அது உடல் முழுதும் ஒரே சீரான வெளிர்நிறம். விளிம்புக்கோடு அதில் இல்லை. இறகு நைந்து பிரியும் குறையும் அதோடு சேர்ந்து பலமுறை காணப்படுகிறது. நீலத்துக்கு அது மாற்றாகாது.

முடிவுரை

நீல அமெராக்கானாவைக் காக்க விரும்புபவர் முட்டை, கொண்டை, தாடி ஆகிய பண்புகளில் கூட்டம் முழுவதையும் ஒத்ததாக்க வேண்டும். இறகில் மட்டும் வேற்றுமையைத் தெரிந்தே பேண வேண்டும். கறுப்புப் பெட்டைக்கும் நீலச் சேவலுக்கும் ஒரே கவனத்தோடு வளையமிட்டுப் பதிவேட்டில் எழுதுவது இதன் முதற்படி. சிறந்த கறுப்புப் பறவையை நிறம் கருதி விற்றுவிடும் வளர்ப்பவர், அடுத்த தலைமுறை நீலத்தின் பாதியை விற்றுவிடுகிறார். நீலம் எந்தத் தனிக்கோழியிலும் நிலையாகத் தங்குவதில்லை. கறுப்பும் நீலமும் ஒரே கூரையின் கீழ் வளரும் கூட்டத்தில்தான் அது தலைமுறை கடந்து வாழ்கிறது.