கினியும் இல்லை, பன்றியும் இல்லை

மல்லேஸ்வரத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் பொடிசுகளுக்கு இப்போது முயல், கினி பிக் மோகம். இரண்டுக்கும் பூர்வீகம் வேறு மக்களே.

வளர்ப்பு முயல் ஸ்பெயின் பக்கத்தது. நம்மூர்க் காட்டு முயல் வேறு இனம். வளை தோண்டாது, குட்டி கண் திறந்தே பிறக்கும். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வளர்க்கக் கூடாது. கினி பிக்கோ ஆண்டிஸ் மலைக்காரர்கள் இறைச்சிக்கு வளர்த்தது. 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியே ஐரோப்பா போனது. பன்றி இல்லை, எலி வகையறா :-)

1907-ல் நார்வேயின் ஹோல்ஸ்ட், ஃபுரோலிக் இருவரும் வெறும் தானியம் போட்டு வளர்த்த கினி பிக்குகளுக்கு ஸ்கர்வி வந்தது. வைட்டமின் சி-யை முயலின் உடம்பே தயாரித்துக்கொள்ளும். கினி பிக்கால், நம்மைப் போலவே, முடியாது. முயல் தீவனத்தையே போட்டால் சில வாரங்களில் மூட்டு வீங்கும், ஈறில் ரத்தம் கசியும். தினமும் கொஞ்சம் குடைமிளகாய் கொடுங்கள். முயலின் உதையையும் அது தாங்காது; கூண்டு தனித்தனியாகவே இருக்கட்டும்.